ஒரு வெட்டுக்கு என்ன கூலி? செலவுப்பெட்டி முதல் பேண்ட்சா பெட்டி வரை

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு, டீ குடித்துக்கொண்டே பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊர் பனியன் கம்பெனியில் கட்டிங் அறைக்குள் போய் வந்தவர்களுக்கெல்லாம் பேண்ட் நைஃப் மெஷின் தெரியும். மேஜையின் நடுவே மேலிருந்து கீழாக ஓடிக்கொண்டே இருக்கும் மெல்லிய எஃகுப் பட்டை. துணி அடுக்கைக் கையால் நகர்த்திக் கொடுத்தால் கழுத்து வளைவும் கை வளைவும் கோடு பிசகாமல் வந்துவிடும். அந்த மெஷின் முதலில் பிறந்தது துணிக்காக அல்ல, மரத்துக்காக. மரத்திலிருந்து துணிக்குப் போய், கடல் கடந்து திருப்பூருக்கும் வந்தது. இப்போது நம் பள்ளியில் படித்த ஒருவரின் கையில் மறுபடி மரத்துக்கே திரும்பியிருக்கிறது.

அந்தப் பயணத்தைத்தான் இன்று எழுதப் போகிறேன். கருவியின் கதையை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். ஒவ்வொரு காலத்திலும் வெட்டியவருக்கு என்ன கூலி கிடைத்தது, அதை யார் முடிவு செய்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

முதலில் நம் அடுப்படிக்குப் போவோம். கொங்கு நாட்டில் மசாலாச் சாமானுக்குச் "செலவு" என்று பெயர். செலவு ரசம் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அதனால் மற்ற ஊர்க்காரர்கள் அஞ்சறைப்பெட்டி என்பதை எங்கள் வீட்டில் செலவுப்பெட்டி என்றுதான் சொல்வோம். எவர்சில்வர் வட்டப்பெட்டி வருவதற்கு முன் அது மரப்பெட்டி. எங்கள் அமுச்சி வைத்திருந்தது ஒரே கட்டையில் குடைந்தது. ஆணி கிடையாது, மூட்டு கிடையாது. கட்டையின் மேல்பக்கத்தில் உளியால் அறை அறையாகக் குடைந்து, ஒரு முளையில் சுழலும் மூடி போட்டிருந்தார்கள். பெயர்தான் அஞ்சறை. ஐந்துக்கு மேல் அறை உள்ள பெட்டிகளும் உண்டு. கடுகு, சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள் எல்லாம் அதில் அடங்கிவிடும்.

ஒரே கட்டையில் ஏன் குடைந்தார்கள்? பலகைகளை ஒட்டிச் செய்தால் மூட்டு இடுக்கில் மஞ்சள்தூள் புகும், ஈரம் சேரும், எறும்பு வரும். ஒரே கட்டையில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் செய்பவருக்குக் கஷ்டம் அதிகம். அறைக்கும் அறைக்கும் நடுவே விரல் கனத்துக்குச் சுவர் நிற்க வேண்டும். மரத்தின் நார் ஓடும் திசை பார்க்காமல் உளியை ஒரு முறை தட்டிவிட்டால் சுவர் பிளந்துவிடும். அதுவரை பட்ட பாடு அத்தனையும் விறகு.

அதற்கு ஆசாரிக்கு என்ன கூலி? பணமாகப் பெரும்பாலும் கிடையாது. கிராமத்தில் ஏர்க்கலப்பை, நுகத்தடி, கட்டில், கதவு என்று வருஷம் முழுக்க அவர் வேலை செய்வார். அறுவடை முடிந்ததும் களத்தில் கம்போ சோளமோ ராகியோ அளந்து போடுவார்கள். செலவுப்பெட்டி அந்த வருஷக் கணக்கில் கரைந்துவிடும். அதற்கென்று தனி விலை கிடையாது. இந்த முறையில் ஒரு நல்லது உண்டு. வேலை இல்லாத மாதத்திலும் வீட்டில் தானியம் இருக்கும். கெடுதலும் உண்டு. எத்தனை வள்ளம் அளப்பது என்பதைக் களத்துக்குச் சொந்தக்காரர்தான் முடிவு செய்வார். ஆசாரி மகன் ஆசாரியாகத்தான் ஆக வேண்டும், வேறு வீட்டுப் பிள்ளை உளியைத் தொடக் கூடாது. வேலையும் கூலியும் பிறப்போடு கட்டப்பட்டிருந்தன.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கல்வி வரலாறு பாடம் உண்டு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை அதில் படித்தோம். பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது அந்தத் திட்டம். "குலக்கல்வி" என்று சொல்லித் தமிழ்நாடே எதிர்த்தது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. கைத்தொழில் கற்பது கேவலம் என்று யாரும் எதிர்க்கவில்லை. தச்சர் பிள்ளைக்குத் தச்சு, சலவைக்காரர் பிள்ளைக்குச் சலவை என்று பள்ளிக்கூடமே எழுதிக் கொடுப்பதைத்தான் எதிர்த்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி பட்டை வாளுக்கு வருவோம். முன்பெல்லாம் பெரிய மரத்தை அறுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மரத்தின் மேலே, ஒருவர் கீழே. மேலும் கீழுமாக ஒரு நீண்ட வாளை இழுப்பார்கள். அந்த வாள் கீழே இறங்கும்போதுதான் அறுக்கும், மேலே ஏறும் நேரம் வீண். வாளை வளையமாக்கி இரண்டு சக்கரங்களில் மாட்டி ஓடவிட்டால் ஒரு நொடியும் வீணாகாதே என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி என்பவர் யோசித்துக் காப்புரிமையும் வாங்கிவிட்டார். ஆனால் அது நடைமுறைக்கு வரவில்லை. பட்டை அறுந்துகொண்டே இருந்தது.

ஏன் அறுந்தது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டையின் நீளம் 3 மீட்டர், நிமிடத்துக்கு 900 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 300 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மேல் சக்கரத்தில் ஒரு முறை, கீழ்ச் சக்கரத்தில் ஒரு முறை வளைய வேண்டும். ஆக நிமிடத்துக்கு 600 முறை வளைந்து நிமிர வேண்டும். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் என்ன ஆகும் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு முனையையும் சேர்த்துப் பற்றவைத்த இடம்தான் முதலில் விட்டுப்போகும்.

கிட்டத்தட்ட 40 வருஷம் இந்தச் சிக்கல் தீராமல் கிடந்தது. தீர்த்தவர் ஒரு பெண். பிரான்ஸைச் சேர்ந்த ஆன் போலின் கிரெபின். விட்டுப்போகாதபடி பட்டையைப் பற்றவைக்கும் முறையைக் கண்டுபிடித்து 1846இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். சீக்கிரமே அந்த உரிமையைப் பாரிஸில் இருந்த பெரின் கம்பெனிக்கு விற்றுவிட்டார். நல்ல எஃகும் பதம் ஏற்றும் முறையும் அதோடு சேர, பெரின் கம்பெனிப் பட்டைகள் பெயர் பெற்றன. மர அறுவை மில் வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பேண்ட்சா எல்லோருக்கும் தெரியும், அந்த அம்மாவின் பெயர் தெரியாது. நான் வகுப்பில் மேரி கியூரியைச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தால் இவரையும் சேர்த்துச் சொல்வேன்.

அடுத்த கட்டம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம். அங்கே ஜான் பாரன் என்பவர் ஆயத்த ஆடைத் தொழில் நடத்தி வந்தார். அப்போது தையல் மெஷின் வந்துவிட்டது, தைப்பது வேகமாகிவிட்டது. ஆனால் வெட்டுவது மட்டும் கத்தரியில், ஆமை வேகத்தில் நடந்தது. நாற்காலி, மேஜைக்கு ஒட்டும் மெல்லிய மரத்தகடுகளைப் பட்டை வாளில் வெட்டுவதைப் பார்த்த பாரனுக்கு ஒரு யோசனை வந்தது. மரத்தகட்டை வெட்டுவது துணி அடுக்கை வெட்டாதா? அதே ஊரில் இருந்த கிரீன்வுட் அண்ட் பேட்லி என்ற இயந்திரக் கம்பெனியிடம் சொல்லிச் செய்ய வைத்தார். வாளின் பல்லை எடுத்துவிட்டுக் கத்திக் கூர் வைத்தார்கள். அதுதான் பேண்ட் நைஃப். வருஷம் 1858.

பாரன் பிறகு லீட்ஸ் மேயரானார், பாராளுமன்ற உறுப்பினரானார், 1895இல் பாரனெட் பட்டமும் பெற்றார். அவர் மேயராக இருந்தபோது நகரத்துக்காக வாங்கப்பட்ட ரவுண்ட்ஹே பூங்கா இன்றும் லீட்ஸில் இருக்கிறது. அந்த மெஷின் முன் நின்று விரலைக் காப்பாற்றிக்கொண்டு வெட்டிய கட்டர்கள் பெயர் ஒன்றும் எந்தப் பூங்காவிலும் இல்லை.

இனி நம் ஊர். திருப்பூரில் பின்னலாடை 1920, 30களில் கல்கத்தாவிலிருந்து வந்த கை மெஷின்களோடு தொடங்கியது. நெடுங்காலம் உள்நாட்டு வெள்ளைப் பனியன்தான். 1970களின் கடைசியில் இத்தாலிக்கு ஏற்றுமதி தொடங்கிய பிறகுதான் ஊர் இந்த அளவுக்கு வளர்ந்தது. கூலியை நாம் ஷிப்ட் கணக்கிலும் பீஸ் ரேட் கணக்கிலும் பேசப் பழகினோம். "இன்னைக்கு ஒன்றரை ஷிப்டுங்க டீச்சர்" என்று சொல்லாத பெற்றோர் நம் பள்ளியில் இல்லை. 1984இல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நான் வேலையில் சேர்ந்த புதிது. மதிய உணவுக்காகவே பள்ளிக்கு வந்த பிள்ளைகளை அந்த மாதங்களில் அதிகம் பார்த்தேன். கூலி என்பது செய்தித்தாள் விஷயம் இல்லை, தட்டில் விழும் சோறு என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

கட்டிங் வேலையின் கணக்கு எப்படி என்று வேறு தொழிலில் இருக்கும் உறவினர்களுக்காகச் சொல்கிறேன். துணியை மேஜையில் ஒன்றின் மேல் ஒன்றாக விரிப்பதை "லே" போடுவது என்பார்கள். உதாரணத்துக்கு 100 மடிப்பு, ஒவ்வொரு மடிப்பிலும் 6 பனியனுக்கு மார்க்கர் போட்டிருக்கிறது என்றால், ஒரு லே வெட்டி முடித்தால் 600 பனியன். முதலில் கையில் பிடித்து ஓட்டும் நேர்கத்தி மெஷினால் பெரிய துண்டுகளாகப் பிரிப்பார்கள். அங்கே துணி நிற்கும், கத்தி நகரும். பிறகு நுணுக்கமான வளைவுகளுக்குப் பேண்ட் நைஃப். இங்கே கத்தி நின்ற இடத்தில் ஓடும், துணியை நாம் நகர்த்த வேண்டும். இரண்டுக்கும் கைப்பழக்கம் வேறு. பேண்ட் நைஃபில் நல்ல கை உள்ளவருக்கு வளைவு எங்கே தொடங்குகிறது என்பதைக் கண் பார்ப்பதற்கு முன் மணிக்கட்டு சொல்லிவிடும். ஆனால் அந்தத் திறமை முழுவதும் 600 பனியனில் பங்காகிக் காசுக் கணக்காக வந்து சேரும்.

இந்த இடத்தில்தான் நம் மாணவர் வருகிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒரு கம்பெனியில் 25 வருஷம் கட்டிங் மாஸ்டர். கம்ப்யூட்டர் வைத்துத் தானே வெட்டும் ஆட்டோ கட்டர் வந்ததும் பேண்ட் நைஃப் மூலைக்குப் போனது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் ஆர்டர் குறைந்து, வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை. அவருடைய மாமனார் வழியில் ஒரு ஃபர்னிச்சர் பட்டறையில் பழைய பேண்ட்சா சும்மா கிடந்தது. அதை வாங்கி வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வைத்து மரப்பெட்டி செய்ய ஆரம்பித்தார். கைப்பழக்கம் ஒத்துப்போனது என்கிறார். "டீச்சர், துணிக்குப் பதிலா கட்டைங்க. நிக்கற பட்டைக்கு நாமதான் போகோணும். அது எனக்குத் தெரிஞ்ச வேலைதானுங்களே" என்றார்.

அவர் செய்வதை நேரில் போய்ப் பார்த்தேன். ஒரு கட்டையை எடுத்து, முகப்பில் பெட்டியின் வடிவத்தை வரைந்து, முதலில் வெளி வளைவை அறுக்கிறார். பிறகு கட்டையின் பின்பக்கத்தைக் கால் அங்குலத் தகடாகச் சீவி எடுத்துத் தனியே வைக்கிறார். அடுத்து ஓரத்திலிருந்து வாளை நுழைத்து, உள்ளே இழுப்பறைக்கான துண்டைச் சுற்றி அறுத்து வெளியே எடுக்கிறார். அந்தத் துண்டின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மெல்லச் சீவிவிட்டு, நடுவில் இருப்பதைக் குடைந்து தள்ளி, சீவிய இரண்டையும் திரும்ப ஒட்டினால் இழுப்பறை தயார். வாள் நுழைந்த கீறலையும் பின்தகட்டையும் ஒட்டினால் பெட்டி தயார். இழுப்பறையைத் தள்ளி மூடினால் மரத்தின் ரேகை முகப்பில் அப்படியே தொடர்ந்து ஓடுகிறது. நடுவே வாள் தின்ற அகலம் மட்டும் ஒரு முடிக்கோடாகத் தெரிகிறது.

எனக்கு உடனே அமுச்சியின் செலவுப்பெட்டி ஞாபகம் வந்தது. அதுவும் ஒரே கட்டை, இதுவும் ஒரே கட்டை. உளி மேலிருந்து குடைந்தது, பட்டை வாள் பக்கவாட்டில் நுழைகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்தப் பெட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஆர்ட் எஸ்பெனெட் கார்ப்பென்டர் (1920–2006) என்ற மரக்கலைஞர் இருந்தார். 1960களிலிருந்து இந்த வகைப் பெட்டி பரவியதற்கு அவரைத்தான் முக்கியமாகச் சொல்கிறார்கள். பெயரில்தான் கார்ப்பென்டர். தச்சுக் குடும்பத்தில் பிறந்து தொழில் கற்றவர் அல்ல. இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் இருந்துவிட்டு, போர் முடிந்த பிறகு தானாகவே மரவேலை பழகியவர். அதன்பின் அந்த நாட்டுக் கைவினைச் சந்தைகளில் ஓய்வு பெற்றவர்களும் வேலை இழந்தவர்களும் வீட்டுக் கொட்டகையில் செய்து விற்கும் பொருளாக இது ஆனது. ஒரு மெஷின், ஒரு கட்டை, கொஞ்சம் பசை, நிறையப் பொறுமை இருந்தால் போதும்.

கட்டிங்கிலிருந்து மரத்துக்குப் போக நினைக்கும் மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பேண்ட் நைஃபில் கையில் இரும்பு வலைக் கையுறை போடச் சொல்லிப் பழக்கியிருப்பார்கள். அங்கே பல் இல்லாத கூர்க்கத்தி, அதனால் வலை விரலைக் காக்கும். மரம் அறுக்கும் பட்டையில் பல் இருக்கிறது. கையுறையின் நூலோ வலையோ பல்லில் மாட்டினால் கையையே உள்ளே இழுத்துவிடும். மரத்தில் கையுறை கூடாது. சின்னத் துண்டைத் தள்ளக் குச்சி வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க் வேண்டும். வாகை மரத்தூள் தும்மலில் ஆளையே ஆட்டிவிடும். கால் அங்குல அகலப் பட்டையை ஏறக்குறைய 5/8 அங்குல ஆரத்துக்கும் குறுகலாகத் திருப்பினால் பட்டை முறுக்கிக்கொள்ளும், வலிந்து திருப்பாதீர்கள். மரத்துக்கு வேம்பு, மா, பூவரசு, வாகை நம் பக்கமே கிடைக்கும். ஈட்டி மரத்துக்குத் தமிழ்நாட்டில் 1994ஆம் வருஷச் சட்டம் இருந்தது, சந்தனத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. ரசீது இல்லாத மரத்தைத் தொடவே தொடாதீர்கள்.

பெட்டி நன்றாக வந்துவிட்டது. பிரச்சினை சந்தையில். கோவையில் ஒரு கைவினைக் கண்காட்சியில் கடை போட்டார். 20 பெட்டி கொண்டுபோய் 17 பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்தார். பார்த்தவர்கள் எல்லோரும் இழுப்பறையை இழுத்து இழுத்து மூடி ரசித்தார்கள். விலை 1,500 என்றதும் "ஆன்லைனில் 400க்குக் கிடைக்குதே" என்று கீழே வைத்துவிட்டார்கள். வீட்டில் சொந்தக்காரர்கள் "500க்குக் கொடுத்துத் தொலை, காசு வந்தால் சரி" என்கிறார்கள். என்ன விலை வைப்பது என்று என்னிடம் கேட்டார்.

இந்தக் கேள்வியும் பழையதுதான். ஊர் பேர் தெரியாதவரிடம் பெட்டி விற்பது நேற்று வந்த பழக்கம் அல்ல. 18ஆம் நூற்றாண்டில் விசாகப்பட்டினத்துக் கைவினைஞர்கள் தந்தம் பதித்த பெட்டிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்குச் செய்தார்கள். இலங்கையில் காலித் துறைமுகத்தில் இறங்கும் கப்பல் பயணிகளுக்குக் கருங்காலியிலும் முள்ளம்பன்றி முள்ளிலும் செய்த பெட்டிகளை விற்றார்கள். கொழும்புத் துறைமுகம் பெரிதானதும் கப்பல்கள் அங்கே போய்விட்டன. வாங்குபவர் கப்பலில் வருகிறார், கப்பலிலேயே போய்விடுகிறார். பேரம் பேசி அடித்தால் அடித்ததுதான். செய்தவர் யார் என்று யாரும் கேட்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் இதை மாற்ற முயன்றார்கள். 1952இல் அகில இந்தியக் கைவினை வாரியம் வந்தது, கமலாதேவி சட்டோபாத்யாய் அதற்குத் தலைமை ஏற்றார். நம் மாநிலத்தில் 1973இல் பூம்புகார் என்று நாம் அழைக்கும் கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் வந்தது. அந்தக் கடைகளில் நான் முதலில் கவனித்தது பொருளில் ஒட்டிய விலைச்சீட்டு. பேரம் கிடையாது. நம்மில் சிலருக்கு அது பிடிக்காது. ஆனால் கைவினைஞர் பக்கம் நின்று பாருங்கள். களத்துமேட்டில் இன்னொருவர் அளந்து போட்டதை வாங்கியவருடைய வேலைக்கு, வேலையைக் கணக்குப் பார்த்து முன்கூட்டியே ஒரு விலை எழுதப்பட்டுவிட்டது. அந்தச் சின்ன அட்டைக்கு அவ்வளவு மதிப்பு உண்டு.

நாங்கள் இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பெட்டிக்குக் கணக்குப் போட்டோம். மரம் 250. பசை, உப்புத்தாள், மெழுகு 100. பட்டை தேய்மானமும் கரண்டும் 50. கண்காட்சிக் கடை வாடகை, வண்டிச் செலவு, ஒரு பெட்டியின் பங்கு 200. ஆக 600. வேலை நேரம் 6 மணி. மணிக்கு 150 என்று வைத்தால் 900. மொத்தம் 1,500. அவர் சொன்ன விலை சரியாகத்தான் இருந்தது! 500க்கு விற்றால் 6 மணி நேரம் வேலை செய்ததற்கு அவரே கையிலிருந்து 100 ரூபாய் கொடுத்து அனுப்புகிறார்.

இதை அவர் தெரியாமல் செய்யவில்லை. 25 வருஷம் பீஸ் ரேட்டில் ஊறிய மனது. ஒரு வெட்டுக்கு 600 பனியன் வரும் இடத்தில் காசுக் கணக்கில் கூலி பேசலாம். இங்கே பத்து, பன்னிரண்டு வெட்டுக்கு ஒரே ஒரு பெட்டி. 600ஆல் வகுக்க இங்கே எதுவும் இல்லை. ஆனாலும் யாராவது "குறைச்சுக்குங்க" என்றதும் நம் ஊர்க்காரருக்கு வாய் தானாக இறங்கிவிடுகிறது. பையர் கேட்டால் கம்பெனி இறங்கும், கம்பெனி கேட்டால் ஜாப் ஒர்க்காரர் இறங்குவார், அவர் கேட்டால் டெய்லர் இறங்குவார். இறங்குவதே தொழில் தர்மம் என்று நமக்குப் பழகிவிட்டது. மரத்தைத் தொட்ட பிறகும் அந்தப் பழக்கத்தைக் கூடவே கொண்டுபோனால் கருவி மாறியும் பயன் இல்லை.

அவருக்கு நான் சொன்னது மூன்று விஷயம். ஒன்று, 1,500 என்று அட்டையில் எழுதி ஒட்டுங்கள், கீழே மணிக்கணக்கையும் எழுதுங்கள். வாங்குபவர் முட்டாள் இல்லை, 6 மணி நேரம் என்று படித்தால் யோசிப்பார். அவ்வளவு தர முடியாதவர்களுக்கு 2 மணி நேரத்தில் முடியும் சின்னப் பெட்டி ஒன்று செய்து அதற்குரிய விலை வையுங்கள். பெரிய பெட்டியின் விலையை உடைக்காதீர்கள். இரண்டு, உள்ளே வைக்க ஒரு காரணம் கொடுங்கள். வெறும் அழகுப் பெட்டியை ரசித்துவிட்டுப் போவார்கள். ஐந்து அறை வைத்து மூடி போட்டால் அது செலவுப்பெட்டி, கல்யாணச் சீருக்கு ஆகும். மூன்று, இழுப்பறையின் அடியில் உங்கள் பெயரையும் ஊரையும் வருஷத்தையும் எழுதுங்கள். கிரெபின் அம்மாவின் பெயர் பட்டையோடு போயிற்று. லீட்ஸ் கட்டர்கள் பெயர் துணியோடு போயிற்று. நீங்கள் வெட்டிய லட்சக்கணக்கான பனியனில் ஒன்றில்கூட உங்கள் பெயர் இல்லை. இதிலாவது இருக்கட்டும்.

கூச்சப்பட்டார். "நாம தச்சுக் குடும்பம் இல்லீங்களே டீச்சர், பேர் போட்டா ஆரு என்ன சொல்லுவாங்களோ" என்றார். அதற்குத்தான் மேலே 1954ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். தச்சர் மகன் என்ஜினியர் ஆகலாம் என்றால் கட்டிங் மாஸ்டர் தச்சர் ஆகலாம். அதோடு உளி பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசாரி ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தால் அவரிடம் போய் வணங்கிக் கற்றுக்கொள்ளுங்கள், கற்றதை மறைக்காமல் சொல்லுங்கள் என்றேன். பல தலைமுறையாகத் தானிய அளவில் கூலி வாங்கிய அறிவு அது. இலவசமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அரசு உதவியும் இருக்கிறது. தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 2025இல் தொடங்கியது. மரவேலை உட்பட 25 தொழில்களுக்கு 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். 35 வயதுக்கு மேல் இருக்க வேண்டும். குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டையும் வாங்கி வையுங்கள், கண்காட்சிகளில் கடை கேட்க உதவும். அதைக் கொடுக்கும் கைவினை ஆணையர் அலுவலகம் ஜவுளி அமைச்சகத்தின் கீழ்தான் வருகிறது. மரமும் துணியும் அங்கேயும் ஒரே கூரைதான்!

கடைசியாக, படிக்கும் உங்களிடம் சில வேண்டுகோள். கண்காட்சிக்குப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். வாங்க முடியாவிட்டால் பரவாயில்லை, பேரம் மட்டும் பேசாதீர்கள். எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று செய்தவரிடம் கேளுங்கள். கட்டிங்கில் இருக்கும் என் மாணவர்கள், இப்போது உங்கள் யூனிட்டில் பேண்ட் நைஃப் ஓடுகிறதா, ஆட்டோ கட்டர் வந்துவிட்டதா, கூலி எப்படி என்று கீழே எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம். வீட்டுப் பரணில் பழைய மரச் செலவுப்பெட்டி கிடந்தால் துடைத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். எத்தனை அறை, என்ன மரம், யார் வீட்டுச் சீராக வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டுச் சேர்த்து எழுதுங்கள். செய்தவர் பெயர் யாருக்காவது தெரிந்திருந்தால் அதைக் கண்டிப்பாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்